காக்கா திருப்பிக் கொடுத்த 'புள்ளி'!

1996-ம் வருஷம். என் மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கும் நேரம். மகள் ரெடி. ஆனால், "புள்ளியும் வரும்" என்றாள்.

புள்ளி? என் மனைவியின் பழைய சுங்குடிப் புடவையில் ஒரு முழம் முந்தானை. சிவப்பா, காவியா என்று சொல்ல முடியாத நிறம். ஒரு முனை வாயில் இருக்கும். மறுமுனை வீட்டைக் கூட்டும். அது இல்லாமல் தூக்கம் கிடையாது, மருந்து கிடையாது.

"ஸ்கூல் போற பொண்ணு அழுக்குத் துணியைச் சப்பலாமா?" "வேப்பெண்ணெய் தடவுங்க!" வந்தவர் போனவரெல்லாம் அட்வைஸ். என் மாமியார் ஒரு நாள் சோப்புப் போட்டு அலசியே விட்டார். குழந்தை மோந்து பார்த்து, "இது புள்ளி இல்லே" என்று வீசிவிட்டது. மறுபடி அழுக்கேறும்வரை எங்களுக்கு தினமும் சிவராத்திரி!

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்தபோதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். குழந்தை தூங்கும்போது, இரண்டு பேன்ட்டுக்குள் புள்ளியைச் சுருட்டிப் போட்டுவிட்டேன். ஒரு எவர்சில்வர் டபரா கிடைத்தது.

"காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சும்மா."

அழுவாள் என்று பிஸ்கட் வாங்கி வைத்திருந்தேன். அழவில்லை. மொட்டை மாடிக்குப் போய் ஒவ்வொரு காக்காவாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம், தன் சாதத்தில் பாதியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். காக்காவுக்கு லஞ்சம்!

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டபராவோடு சைக்கிளை மிதித்தேன். நாலு தெரு தள்ளி, டீக்கடை வாசலில் ஆள் அகப்பட்டார். "இந்தக் கந்தலுக்கா சார்?" என்றபடி மூட்டையை அவிழ்த்தார். டபராவையும் கொடுத்து, மேலே அஞ்சு ரூபாயும் அழுதேன்.

அவள் மோந்து பார்த்தாள். "புள்ளிதான்" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

டொனால்டு வின்னிகாட் என்று லண்டனில் ஒரு குழந்தை டாக்டர், மனோதத்துவ நிபுணரும்கூட. இந்தத் துணி சமாசாரத்தைப் பற்றி 1951-லேயே கட்டுரை வாசித்தவர். அம்மா மடியிலிருந்து வெளி உலகத்துக்குப் போகிற குழந்தைக்கு அது ஒரு துணை. துவைத்தால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும் என்று தாய்க்குத் தெரியும், அதனால்தான் நாறினாலும் விட்டுவைக்கிறாள் என்கிறார். நான் இதைப் படித்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு. (மாமியாரிடம் சொன்னேன். "லண்டன் குளிர்ல துவைக்கச் சோம்பல், அதான்!" என்றார்.)

புள்ளி பைக்கு அடியில் ஒளிந்து எல்.கே.ஜி. போனது. யு.கே.ஜி.யில் வீட்டோடு நின்றுவிட்டது. அப்புறம் எப்போது விட்டாள்? எங்கள் யாருக்குமே தெரியாது. அவளுக்கும்தான்.

இப்போது அது பீரோவில், என் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. தெருவில் பாத்திரக்காரர் குரல் கேட்டால், நான் முதலில் போய்ப் பீரோவைப் பூட்டுகிறேன்.