பரிசுப் பொருளா, கைக்கு வரும் பணமா?

மத்திய கிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்ணாகச் சென்ற ஒருவரேனும் இல்லாத லயன் மலையகத் தோட்டங்களில் குறைவு. 2009 ஆம் ஆண்டு போர் முடிந்த பின்னர், குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கும் வன்னிப் பெண்கள் பலரும் இதே வழியில் சென்றுள்ளனர். 1977 ஆம் ஆண்டு வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வன்னியில் குடியேறி, போரிலும் அனைத்தையும் இழந்த குடும்பங்களின் பெண்களும் இவர்களுள் உள்ளனர். இவர்கள் அங்கு உழைப்பது றியாலில். இங்கு குடும்பம் செலவழிப்பது ரூபாவில். றியால் ரூபாவாக மாறும் இடத்தில் எவ்வளவு பணம் கைநழுவிப் போகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

ஹட்டன், நுவரெலியா பகுதித் தோட்டங்களில் சமூகப் பணியாளராக உள்ள நான், மாதர் கூட்டங்களில் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "உங்கள் மகள் எந்த இடத்தின் ஊடாகப் பணம் அனுப்புகிறாள், ஏன்?" "அங்க அனுப்பினா பரிசு தருவாங்க மிஸ்" என்பதே பல தாய்மாரின் பதில். ஒருவருக்குக் குடை கிடைத்துள்ளது. இன்னொருவர் மோட்டார் சைக்கிளுக்கான சீட்டிழுப்பில் பெயர் வருமெனக் காத்திருக்கிறார். ஒரு றியாலுக்கு எத்தனை ரூபா கிடைத்தது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதில்.

பணம் அனுப்பும்போது செலவு இரண்டு வழிகளில் ஏற்படுகிறது. ஒன்று, பற்றுச்சீட்டில் தெரியும் கட்டணம். மற்றது, நாணயமாற்று வீதத்தில் அவர்கள் குறைத்துக்கொள்ளும் தொகை. இது கண்ணுக்குத் தெரியாது. "கட்டணம் இல்லை, பரிசும் உண்டு" என்னும் இடங்களில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. சவூதி றியாலின் பெறுமதி 1986 முதல் ஒரு அமெரிக்க டொலருக்கு 3.75 றியால் என நிலையாக உள்ளது. எனவே மத்திய வங்கி அறிவிக்கும் டொலர் வீதத்தை 3.75 ஆல் வகுத்தால் றியாலின் நியாயமான பெறுமதி கிடைக்கும். எமிரேட்ஸ் திர்ஹாமுக்கு 3.67 ஆல் வகுக்க வேண்டும். டொலர் 300 ரூபா எனில் றியால் 80 ரூபா.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். முதலாவது இடம் 15 றியால் கட்டணம் எடுத்து, றியாலுக்கு 79.50 ரூபா தருகிறது. இரண்டாவது இடம் கட்டணம் எடுக்காமல், பரிசும் கொடுத்து, 77 ரூபா தருகிறது. 1,000 றியால் அனுப்பினால் முதலாவதில் 78,307 ரூபாவும் இரண்டாவதில் 77,000 ரூபாவும் கிடைக்கும். 1,307 ரூபாவுக்கு அந்தக் குடையை நாமே வாங்கியுள்ளோம்! 2024 இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அதாவது ஏறக்குறைய ஒரு நாள் கொழுந்து பறித்த கூலி.

ஆனால் 500 றியால் அனுப்பினால் இரண்டு இடங்களும் ஏறத்தாழச் சமம். 200 றியால் மட்டும் அனுப்பினால் இரண்டாவது இடமே சுமார் 690 ரூபா இலாபம். சிறிய தொகைக்குக் கட்டணம் சுமை. பெரிய தொகைக்கு வீதம் சுமை. ஆகவே ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்ப்பது அவசியம்.

கனடாவில் உள்ள உறவினரின் கடன் அட்டைக்கும் இது பொருந்தும். அங்குள்ள பெரும்பாலான அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு 2.5 வீதம் அறவிடுகின்றன. அட்டை தரும் வெகுமதி நூற்றுக்கு ஒன்று எனில் மிஞ்சுவது நட்டமே.

அரசாங்கமும் ஒருமுறை இவ்வாறு பரிசு வழங்கியது. 2021 இறுதியில் டொலர் வீதம் 203 ரூபா அளவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வங்கி ஊடாக அனுப்புவோருக்கு அந்த டிசம்பரில் டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. உண்டியல்காரரோ 240 ரூபா வரை கொடுத்தனர். பத்து ரூபாப் பரிசால் அந்த இடைவெளியை நிரப்ப முடியவில்லை. 2020 இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022 இல் 380 கோடியாக வீழ்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் நாடு தவித்தது. 2022 மார்ச்சில் கட்டுப்பாடு தளர்த்தப்பட்ட பின்னர் அப்பெரிய இடைவெளி மறைந்தது. எனவே உண்டியலை நாட அன்றிருந்த காரணம் இன்று இல்லை. பற்றுச்சீட்டில்லாப் பணம் வராமற்போனால் முறையிடவும் இடமில்லை.

சகோதரிகளே, வீட்டை விட்டு வெளியே செல்ல முடியாமல், எஜமானர் மூலமே பணம் அனுப்பும் பெண்கள் பலர் உள்ளனர். அவர்களிடம் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இயன்றவர்கள் அனுப்புமுன் இரண்டு இடங்களில் கேட்கட்டும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இத்தனை றியால் தந்தால், எல்லாம் கழித்து என் அம்மாவின் கையில் எத்தனை ரூபா?" அத்தொகையைத் திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மகள் திரும்பி வரும்போது, அவளது உழைப்பின் கணக்கை அவளிடம் காட்ட அது உதவும்.