மணியோசையும் இரைச்சலும்

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜனை நினைப்பது நமது வழக்கம். ஆனால் ராஜகிரி உச்சியிலுள்ள மணிக்கூண்டு நமக்கு ஒரு விஞ்ஞான விஷயத்தையும் நினைவூட்டுகிறது. சுமார் 800 அடி உயரத்தில் நின்று ஒருவன் கூவினால், அவன் குரலைக் காற்று விழுங்கிவிடும். மணி அடித்தாலோ, எவ்வளவு இரைச்சலிலும் அது மணி என்று தெரியும். காற்றால் அந்த நாதத்தைப் போல் நடிக்க முடியாதல்லவா? டெலிபோன் கம்பியிலும் இதே கதைதான்.

சென்னையில் டெலிபோன் நிலையம் ஏற்பட்டது 1882-ல். அக்காலத்து டெலிபோன்களுக்கு உலகெங்கும் பெரும்பாலும் ஒற்றைக் கம்பிதான். மின்சாரம் பூமி வழியே திரும்பும். பக்கத்துத் தந்திக் கம்பிகளின் சலசலப்பெல்லாம் அதில் புகுந்தது. இரண்டு கம்பிகளை முறுக்கிப் போட்டால், இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து தானே அடங்கிவிடும் என்று கிரஹாம் பெல் 1881-லேயே கண்டார்.

பேச்சில் ஒரு சொல் விழாவிட்டால் நாம் ஊகித்துக் கொள்வோம். யந்திரம் ஊகிக்காது. சுழற்றும் டெலிபோனில் ஐந்தைச் சுழற்றினால், கம்பியிலுள்ள மின்சாரம் விநாடிக்குப் பத்து வீதம் ஐந்து முறை அறுபடும். நிலையம் அதை எண்ணிக்கொள்ளும். ஈரம் பட்ட இணைப்பு ஒன்று இடையில் நடுங்கினால் ஐந்து ஆறாகிவிடும்! நள்ளிரவில் வைத்தியரை அழைத்தவருக்கு வேறு யாரோ பதில் சொல்வார்.

1963-ல் அமெரிக்காவில் வந்த பொத்தான் டெலிபோன் இதற்குப் பரிகாரம் செய்தது. ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுருதிகள் சேர்ந்து ஒலிக்கும். ஐந்துக்கு, விநாடிக்கு 770 அதிர்வும் 1336 அதிர்வும். இரைச்சலில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கும். இந்த இரண்டு மட்டும் தனித்து, தேவையான நேரம் நிலைத்து ஒலிப்பது மிக அரிது.

நமது தேசத்தில் 1984-ல் ஏற்பட்ட 'சி-டாட்' ஸ்தாபனம், கிராமத்து வெயிலையும் புழுதியையும் தாங்கும் சிறு நிலையத்தை அமைத்தது. குளிர்சாதனம் வேண்டாத அந்த நிலையம் 1986-ல் முதன்முதல் இயங்கியது, ராணி சென்னம்மாவின் கோட்டை ஊராகிய கித்தூரில்.

செஞ்சி போன்ற கோட்டை ஊர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. மின்னலையும் வேண்டாத மின்சாரத்தையும் பூமிக்குள் இறக்கியாக வேண்டும். உலர்ந்த கருங்கல்லோ அவற்றை எளிதில் ஏற்பதில்லை. பகைவருக்கு அரணாய் நின்ற பாறையே டெலிபோனுக்கு இடையூறு! ஆகவே ஈரமண் உள்ள இடம் தேடி, ஆழமாகப் பூமி இணைப்புக் கொடுக்க வேண்டும்.

உரக்கக் கூவுவதால் மட்டும் செய்தி போய்ச் சேராது. இரைச்சல் போலி செய்ய முடியாத குரலில் கூவ வேண்டும். அதுவே இந்த வித்தையின் சாரம்.