வீடு விற்கப் போகிறீர்களா?

காலை ஏழு மணி. வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். கையில் டைரி. சட்டைப் பையில் இரண்டு பேனா.

"என்னக்கா, வீட்டைக் கொடுக்கிறீங்களாமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

அந்த அக்காவுக்குத் திகைப்பு. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய வைத்தியத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு நிற்கிறது. இருப்பது ஒரே ஓட்டு வீடு. அதை விற்றுக் கடனை அடைக்கலாமா என்று நேற்று இரவுதான் மகனோடு பேசினார். அதற்குள் தரகர் வந்துவிட்டார்!

தரகர்களுக்குச் செய்தி எப்படியோ போய்விடும். ஒரு டீக்கடை போதும். அது அவர்கள் தொழில். தரகர் என்றாலே ஏமாற்றுக்காரர் என்று நினைக்க வேண்டாம். நல்ல தரகர் அலைச்சலைக் குறைப்பார். வாங்கும் ஆளைக் கொண்டுவருவார். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பேரம் முடிந்தால்தான் அவருக்குப் பணம். அதனால் அவர் எப்போதும் அவசரப்படுவார். நாம் அவசரப்படக் கூடாது.

2016-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிதாகக் கட்டி விற்கும் பெரிய குடியிருப்புகளுக்குத் தரகு செய்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. நம்முடைய பழைய வீட்டை விற்றுத் தரும் தரகருக்கு அந்தச் சட்டத்தில் கட்டாயம் இல்லை. அதனால் ஆளை விசாரித்து அறிவது நம் பொறுப்பு.

முதலில் விலை. தரகர் சொல்லும் விலையை மட்டும் நம்பாதீர்கள். அதே தெருவில் சமீபத்தில் வீடு விற்றவர் யார்? என்ன விலைக்கு விற்றார்? நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு மூன்று தரகர்களிடமும் கேளுங்கள். அரசு ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைத் தெரிந்துகொள்ளலாம். சந்தை விலை பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

அடுத்து தரகுக் கூலி. பல ஊர்களில் நூற்றுக்கு ஒரு ரூபாய் அல்லது இரண்டு ரூபாய் வாங்குகிறார்கள். பத்து லட்சத்துக்கு விற்றால் பத்தாயிரம் அல்லது இருபதாயிரம். வாங்குபவரிடமும் தனியாக வாங்குவார்கள். எவ்வளவு, எப்போது என்பதை முதல் நாளே பேசி, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவு முடிந்த பிறகே கூலி என்று சொல்லுங்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே பணம் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அந்த அக்காவிடம் தரகர் என்ன சொன்னார் தெரியுமா?

"கமிஷனே வேண்டாம்க்கா. பன்னிரண்டு லட்சம் உங்க கைக்கு வந்துடும். மேலே கிடைச்சா எனக்கு. இதோ இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ். ஆறு மாசத்துக்கு ஒரு அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்."

கேட்க இனிமையாக இருக்கிறது. இதில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் வாங்குபவர் இடத்தில் தரகரின் பெயர் இருக்கும். 'நான் அல்லது நான் காட்டும் நபர்' என்று ஒரு வரி இருக்கும். அவர் பதினாறு லட்சத்துக்கு ஆள் பிடிப்பார். அந்த ஆளுக்கு அக்கா எழுதிக் கொடுக்க வேண்டும். அக்காவுக்குப் பன்னிரண்டு. தரகருக்கு நான்கு. ஆறு மாதத்துக்குள் வேறு நல்ல ஆள் வந்தாலும் விற்க முடியாது. அக்காவே கையெழுத்துப் போட்டிருப்பதால் இதைத் திருட்டு என்று சொல்லவும் முடியாது.

கிரய ஒப்பந்தம் சாதாரணத் தாள் இல்லை. 'மனம் மாறினால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் போதும்' என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வாங்குபவர் நீதிமன்றம் போகலாம். வீட்டையே எழுதிக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவு போடலாம். அதனால் ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படியுங்கள். மொத்த விலை எவ்வளவு? முன்பணம் எவ்வளவு? மீதிப் பணம் எந்தத் தேதிக்குள்? அந்தத் தேதி தவறினால் என்ன? இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை. வெற்றுத் தாளிலோ, வெற்று முத்திரைத் தாளிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

'பவர்' என்ற சொல்லையும் அடிக்கடி கேட்பீர்கள். "நீங்க ஏன் அலையணும்? எனக்குப் பவர் எழுதிக் கொடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பார்கள். பவர் என்பது பொது அதிகாரப் பத்திரம். விற்கும் அதிகாரத்தோடு அதை எழுதிக் கொடுத்தால், அவர் உங்களைக் கேட்காமலே யாருக்கும் விற்கலாம். பணமும் அவர் கைக்குப் போகும். வெறும் பவர் பத்திரத்தை வைத்து வீட்டை வாங்கியதாகச் சொன்னால் செல்லாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புச் சொன்னது. இருந்தாலும் கெட்ட பிறகு வழக்குப் போட்டு அலைவது யார்? உடம்பு முடியாதவர்கள் பவர் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அதிலும் சிலருக்கு அனுபவம் கசப்புதான்.

இன்னொரு கேள்வி. வீடு யாருடையது?

"என் வீட்டுக்காரர் கட்டிய வீடு. அப்போ எனக்குத்தானே?" என்று அக்கா கேட்டார். அப்படி இல்லை. ஓர் இந்துவானவர் சொந்தமாகச் சம்பாதித்த வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்துவிட்டால், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பங்கைச் சொல்கிறது. மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு. கல்யாணம் ஆகிப் போன மகளுக்கும் உண்டு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களில் பங்கு முறை வேறு. பங்கு உள்ள எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இந்துக் குடும்பத்தில் பதினெட்டு வயது ஆகாத பிள்ளை பெயரில் சொத்து இருந்தால், அதை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இதை மறைத்து விற்றால் பின்னால் வழக்கு வரும். அக்கா அன்றே மகளுக்குப் போன் செய்தார். மாமியாரிடமும் பேசினார்.

பத்திரங்களைத் தேடி எடுத்து வையுங்கள். மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது, வில்லங்கச் சான்று. சொத்து யார் பெயரில் என்று காட்டும் அரசு ஆவணத்துக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பட்டா. கர்நாடகத்தில் காத்தா. தரகரிடமும் வாங்க வருபவரிடமும் நகல் மட்டும் கொடுங்கள். மூலப் பத்திரம் கை மாறக் கூடாது. 'வக்கீலிடம் காட்ட வேண்டும்' என்றால் நீங்களும் கூடவே போங்கள்.

வாங்க வருபவர்களில் பல வகை. பொழுது போகாமல் பார்க்க வருபவர் உண்டு. சுவரைத் தட்டிப் பார்த்து, குறை சொல்லியே விலையைக் குறைப்பவர் உண்டு. அவரைக் கண்டு கோபப்பட வேண்டாம். வாங்க நினைப்பவர்தான் குறை சொல்வார். 'இன்றைக்கே முடிக்க வேண்டும்' என்பவரிடம் ஒரு வாரம் தவணை சொல்லுங்கள். உண்மையில் வாங்குபவர் காத்திருப்பார். வீட்டைப் பார்க்க ஆள் வரும்போது தனியாக இருக்காதீர்கள். நகை, பணம் வெளியே இருக்க வேண்டாம்.

சிலர் நேரில் வருவதே இல்லை. போனில் விலையை ஒத்துக்கொள்வார்கள். "அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. எண்ணைப் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும்.

பணத்தை எப்படி வாங்குவது? வீடு விற்பதற்கான முன்பணத்தில் இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. 2015 முதல் வருமான வரிச் சட்டத்தில் இந்த விதி இருக்கிறது. மீறினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரலாம். அதுவும் வாங்கியவருக்கு! காசோலை, வரைவோலை, வங்கிக் கணக்கு வழியாக வாங்குங்கள்.

"பத்திரத்தில் எட்டு லட்சம் என்று போட்டுக்கலாம். மீதியைக் கையில் தருகிறேன்" என்றும் சொல்வார்கள். குறைத்துக் காட்டினால் முத்திரைத் தீர்வை குறையும். லாபம் வாங்குபவருக்கு. மீதி நான்கு லட்சத்தை அவர் தராவிட்டால் உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? பத்திரத்தில் எட்டுதான் எழுதியிருக்கும்.

பதிவு நாளில்தான் மிகவும் கவனம் வேண்டும். 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று கிரயப் பத்திரத்தில் ஒரு வரி வரும். பணம் வந்து சேராமல் அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டாம். காசோலை திரும்பி வரலாம். அதனால் வங்கி வரைவோலை கேளுங்கள். அல்லது பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று வங்கியில் கேட்டுவிட்டுப் போங்கள். அங்கே உங்கள் புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். பத்திரத்தை யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பெயர், அளவு, எல்லை, தொகை சரியா என்று பாருங்கள்.

சந்தேகம் வந்தால் வக்கீலுக்குக் காசு இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள் வருமானம் காட்ட வேண்டியதில்லை. நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

அந்த அக்கா தரகரிடம் என்ன சொன்னார்?

"தம்பி, அக்ரிமெண்ட் எல்லாம் வேண்டாம். ஆளைக் கூட்டிட்டு வாங்க. நேரா நான் பேசறேன். நூத்துக்கு ஒண்ணு உங்களுக்கு. பதிவு முடிஞ்ச அன்னிக்கே தந்துடறேன்."

தரகர் முகம் வாடியது. ஆனால் நான்கு நாள் கழித்து ஒரு பள்ளி ஆசிரியரைக் கூட்டிவந்தார். வீடு பதினைந்தரை லட்சத்துக்கு முடிந்தது. பதிவு நாளில் அக்கா பத்திரத்தை முழுதும் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. தரகர் நான்கு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கதவு எண் ஒன்றில் பிழை இருந்தது. திருத்தி எழுதிய பிறகே கையெழுத்துப் போட்டார். மறுநாள் மின்சாரக் கட்டணம், வீட்டு வரி பாக்கி இரண்டையும் கட்டிவிட்டு, ரசீதோடு சாவியைக் கொடுத்தார்.