அரை கப் தேனீக்களில் தெரியும் ஆபத்து: ஆஸ்திரேலியாவைத் திணறடித்த குட்டி உண்ணி!

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் சில தேன் பெட்டிகள் உண்டு. தேன் எடுக்க வைத்தவை அல்ல. கப்பலில் தொற்றிக்கொண்டு வரும் பூச்சிகளைக் கண்டுபிடிக்கக் காவலுக்கு வைத்தவை. 2022 ஜூன் மாதம், வழக்கமான சோதனையில் அந்தப் பெட்டிகளில் சிக்கியது செம்பழுப்பு நிற உண்ணி ஒன்று. பெயர், வர்ரோவா டெஸ்ட்ரக்டர்.

தேன் உற்பத்தியில் பெரிய நாடுகளில் அதுவரை இந்த உண்ணி கால்வைக்காத நாடு ஆஸ்திரேலியா மட்டும்தான். அதனால் அரசு கடுமையாக இறங்கியது. உண்ணி தென்பட்ட இடங்களைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் இருந்த பெட்டிகளை அழிக்க உத்தரவு. உண்ணியே இல்லாத பெட்டிகளும் தப்பவில்லை. பல வருடங்கள் வளர்த்த தேனீக்களை ஒரே நாளில் பறிகொடுத்தவர்களுக்கு, நஷ்ட ஈடு எந்த அளவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்?

ஏறத்தாழ 30,000 பெட்டிகள் போன பிறகு, 2023 செப்டம்பரில் அரசு கையை விரித்தது. 'இனி ஒழிக்க முடியாது, சமாளித்து வாழ்வோம்' என்பதுதான் முடிவு. அன்றிலிருந்து சோதனை செய்யும் வேலை ஒவ்வொரு வளர்ப்பாளரின் தலையிலும் விழுந்தது.

கண்ணால் பார்த்தால் போதாதா?

போதாது. சிக்கலே அங்கேதான். உண்ணியின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையில் புகுந்து ஒட்டிக்கொள்ளும். தேனீயின் உடலில் கல்லீரல்போல வேலை செய்யும் கொழுப்புத் திசுவைத்தான் அது தின்கிறது என்று 2019-ல் வெளியான ஆய்வு காட்டியது. அதுவரை ரத்தம் உறிஞ்சுகிறது என்றே நம்பிவந்தார்கள். கூடவே வைரஸையும் பரப்பும். இறக்கை சுருங்கி, பறக்க முடியாமல் தரையில் ஊரும் தேனீக்களைப் பார்த்தால், உண்ணி எப்போதோ பெருகிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு தந்திரமும் அதற்குத் தெரியும். புழு வளரும் அறையைத் தேனீக்கள் மெழுகால் மூடப்போகும் நேரம் பார்த்துத் தாய் உண்ணி உள்ளே நுழைந்துவிடும். மூடிய அறைக்குள் பத்திரமாக முட்டையிடும். புழுக்கள் நிறைந்த காலத்தில் பெரும்பாலான உண்ணிகள் இப்படி மறைந்தே இருக்கும்.

சர்க்கரைத் தூள் வைத்தியம்

சோதனை எளிது. புழுக்கள் உள்ள சட்டத்தை எடுக்க வேண்டும். அதில் ராணித் தேனீ இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்வது முக்கியம். அரை கப் தேனீக்களை அள்ளினால் சுமார் 300 இருக்கும். வலை மூடி போட்ட பாட்டிலில் அவற்றை விட்டு, ஒரு டேபிள்ஸ்பூன் ஐசிங் சுகரைத் தூவி உருட்டி, ஓரிரு நிமிடம் வைக்க வேண்டும். தூள் பட்டால் உண்ணியின் பிடி நழுவும். வெள்ளைத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் பாட்டிலைக் கவிழ்த்துக் குலுக்கினால், சர்க்கரை கரைந்து உண்ணிகள் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். மாவில் புரட்டிய தேனீக்கள் கோபமாகக் கூட்டுக்குத் திரும்பும்!

ஆல்கஹாலில் கழுவும் முறை இதைவிடத் துல்லியம். ஆனால், அந்த 300 தேனீக்களும் செத்துவிடும். புதியவர்கள் தயங்குவது இங்கேதான். பல்லாயிரம் தேனீக்கள் உள்ள கூட்டில் 300 என்பது தாங்கக்கூடிய இழப்பு. தவறான எண்ணிக்கையை நம்பிக் கூட்டையே இழப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நூறு தேனீக்களுக்கு மூன்று உண்ணி, அதாவது 300-க்கு ஒன்பது கிடைத்தால் உடனே சிகிச்சை தேவை என்பது பல நாடுகளில் உள்ள கணக்கு. ஆண் தேனீப் புழு அறைகளை முள்கரண்டி போன்ற கருவியால் திறந்து பார்ப்பதும் உண்டு. வெள்ளைக் கூட்டுப்புழுவின் மேல் சிவப்பு உண்ணி பளிச்சென்று தெரியும்.

நம்ம ஊர் தேனீ என்ன செய்யும்?

வர்ரோவாவின் பூர்வீகமே ஆசியத் தேனீதான். மார்த்தாண்டம் பக்கம் பெட்டிகளில் வளர்க்கும் அடுக்குத் தேனீயும் அந்த இனம்தான். காலங்காலமாகச் சேர்ந்தே வாழ்ந்ததால், ஒன்றன் உடம்பிலிருந்து இன்னொன்று உண்ணியைக் கடித்து எடுத்துவிடும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில் மட்டுமே பெருகும். ஐரோப்பியத் தேனீக்கு இந்தச் சாமர்த்தியம் குறைவு. ஆஸ்திரேலியப் பெட்டிகளில் இருப்பது அதுதான்.

அங்கே இப்போது பெட்டிக்குள் மருந்துப் பட்டைகளைத் தொங்கவிடுகிறார்கள். பட்டையை எடுத்த பிறகும் பாட்டிலுக்கு வேலை உண்டு. மறுபடி அரை கப் தேனீ, மறுபடி எண்ணிக்கை. அது குறையவில்லை என்றால், மருந்துக்கு உண்ணி பழகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு வேறு மருந்துக்கு மாற வேண்டும்.