சதவீதத்துக்குள் வராத பிள்ளைகள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த வாரம், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு ஹாஜியார் என்னை மறித்தார். "என்ன சேர், உங்கட ஸ்கூல் இந்த முறையும் அடியிலதானே?" என்றார். வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் படிப்பிப்பது மத்திய கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலை. எங்கள் வகுப்பறைக்குள் யார் இருப்பது என்பதை மூன்று சல்லடைகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, முதலாம் தர அனுமதி. பிரபல பாடசாலைகளில் பாதி இடம் அண்மையில் வசிப்போருக்கு, கால்வாசி பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு என்பதே நீண்டகாலச் சுற்றுநிருப முறை. அண்மையில் வசித்தால் மட்டும் போதாது. காணி உறுதி, வாக்காளர் இடாப்பு, மின்சார பில் என்று கடதாசியில் காட்ட வேண்டும். 2010க்குப் பின் கொம்பனித்தெருவிலிருந்து தெமட்டகொடை, வனாத்தமுல்லைத் தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு முகவரியே புதிது. "பில் வீட்டுக்காரர்ட பேர்ல சேர், நாங்க கூலிக்கு இருக்கிற. புள்ளைக்கு எங்கால மார்க்ஸ்?" என்று ஒரு உம்மா கேட்டார். அந்தப் பிள்ளை எங்களிடம் வந்தது.

இரண்டாவது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போய்விடும். துஆ செய்துதான் அனுப்புகிறோம்.

மூன்றாவது, பாடசாலையின் வகை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை 1ஏபி பாடசாலைகள்; இரண்டாம் வகைப் பாடசாலை தரம் 11 உடன் முடிந்துவிடும். வசதியுள்ள பெற்றோர் இதை யோசித்து முன்கூட்டியே பிள்ளையை மாற்றிவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தரம் 5இல் 40 பிள்ளைகள். கெட்டிக்காரர் 8 பேர் போய்விடுகிறார்கள். மிஞ்சிய 32 பேரில் 16 பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றால் அது 50 சதவீதம். அந்த 8 பேரும் இருந்து தேறியிருந்தால் 40க்கு 24, அதாவது 60 சதவீதம். படிப்பித்தவர்கள் அதே ஆசிரியர்கள்தான். போன 8 பேரின் வெற்றியும் வேறு பாடசாலையின் கணக்கில் சேர்கிறது.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. உயர்தரத்துக்குப் போக மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்றில் திறமைச் சித்தி வேண்டும். பல பிள்ளைகள் கணிதத்தில் விழுகிறார்கள். தரம் 6இலேயே வகுத்தல் தெரியாத பிள்ளையைக் கண்டும் பாடத்திட்டத்தை முடிக்க ஓடிய ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

ஆகவே ஒரு பாடசாலையை அளக்க வேண்டுமானால், தரம் 6இல் பிள்ளை எந்த நிலையில் வந்தது, தரம் 11இல் எந்த நிலையில் போகிறது என்று பாருங்கள். நம் பள்ளிவாசல்கள் 9ஏ எடுத்தவருக்கு விழா எடுக்கின்றன, நல்லதுதான். அதோடு, ஒற்றை அறை வீட்டில் புத்தகம் விரிக்க இடமில்லாத பிள்ளைகளுக்கு, அஸருக்குப் பின் பள்ளிவாசல் மேல்மாடியைத் திறந்து, ஒரு கணித ஆசிரியரையும் ஏற்பாடு செய்தால் என்ன? ஹாஜியார் சம்மதித்தால் முதல் நாள் வகுப்பெடுக்க நான் வருகிறேன். என்னுடையது தமிழ்ப் பாடம் என்றாலும், வகுத்தல் சொல்லிக்கொடுக்கத் தெரியும்.