மாலை மட்டும் போதுமா?

மன்னவனூரில் ஒரு பாட்டி கண்மூடினால் மேல்மலையே திரண்டு வருகிறது. பூம்பாறை, கவுஞ்சி, கூக்கால், பூண்டி என்று பெண் கொடுத்த ஊர்களும் கொண்ட ஊர்களும் கூடுகின்றன. பேரப்பிள்ளைகளின் பெயர்களைத் தாங்கிய சுவரொட்டியில் "தியாகத்தின் திருவுருவே!" என்று எழுதுகிறார்கள். எழுதட்டும், போற்றத்தக்கவள்தான் அவள். ஆனால், அந்தத் தியாகத்தின் மறுபெயர் உழைப்பு என்பதை மறந்துவிடலாமா?

பனி விலகுமுன் படிக்கட்டு நிலத்தில் இறங்கியவள் அவள். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் பீன்சுக்கும் முதுகு வளைத்தவள். மலைப்பூண்டைத் தாளோடு கட்டிப் புகை படத் தொங்கவிட்டு, அடுத்த நடவுக்கு விதை காத்தவள். அந்த மலைப்பூண்டு இன்று புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையுடன் விளங்குகிறது. காத்த கைக்குக் கிடைத்த பெருமை எது? பிள்ளைகளை முதுகில் சுமந்தாள். பின்னர் மகளும் மருமகளும் காட்டு வேலைக்குப் போக, பேரப்பிள்ளைகளை மடியில் வளர்த்தாள். இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆணோ 97 நிமிடம்தான் என்றது 2019ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பு. கூலியில்லா அந்த ஐந்து மணி நேரத்தின் மீதுதான் குடும்பம் நிற்கிறது!

இத்தனைக்கும் பிறகு பட்டா யார் பெயரில்? பெரும்பாலும் தாத்தா பெயரில். அவருக்குப்பின் மகன் பெயரில்.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கியது 1929இல். கணவன் சொத்தில் மனைவிக்கும் மகன் சொத்தில் தாய்க்கும் பங்குண்டு என்றது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989இல். அதற்கு முன்பே மணமானோர் அதில் விடுபட்டனர். இன்றைய பாட்டிமார் பலர் அவர்கள்தாமே! முன்பே பாகம் பிரிந்த சொத்துகள் நீங்கலாக, 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 2020இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பும் அந்தத் தடையையும் தகர்த்தன.

சட்டம் இருக்கிறது. ஆனால், "உடன்பிறந்தானோடு வழக்காடுவாயா?" என்ற ஒரே கேள்வியில் அவள் கை தளர்ந்து கையெழுத்திடுகிறது. விடுதலைப் பத்திரமாம்! விடுதலை யாருக்கு?

அன்னையைப் போற்றும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: அவள் உயிரோடிருக்கும்போதே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவள் பங்கை அவள் பெயரில் எழுதுங்கள். தங்கையிடம் விடுதலைப் பத்திரம் கேட்காதீர்கள். மருமகளை உழவர் என்று அழையுங்கள்.

மாலை மறுநாளே வாடிவிடும். பட்டாவில் ஏறிய பெயர் வாடாது.