ஊர்தி எஞ்சின் மாற்றம்

ஊர்தியில் உள்ள எஞ்சினைக் கழற்றி, வேறு வகை எஞ்சினைப் பொருத்துவது எஞ்சின் மாற்றம் எனப்படும். பெட்ரோலைவிட டீசல் மிக மலிவாக இருந்த காலத்தில், இந்தியாவில் பல பெட்ரோல் அம்பாசடர் கார்களில் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. சென்னையில் இத்தகைய பழைய எஞ்சின்களுக்கும் உதிரி பாகங்களுக்கும் புதுப்பேட்டை பெயர்பெற்றது.

டீசல் எஞ்சின் எடை மிக்கது, அதிர்வும் அதிகம். எனவே எஞ்சின் தாங்கிகள், முன்பக்க ஸ்பிரிங், பிரேக் ஆகியவற்றை வலுப்படுத்த வேண்டும். கிளட்சும் கியர் பெட்டியும் பொருந்த வேண்டும். மிஞ்சிய டீசல் டாங்கிக்குத் திரும்பத் தனிக் குழாயும் தேவை.

எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் ஒப்புதல் தேவை. மாற்றத்தைப் பதியாவிட்டால், விபத்து நேரும்போது காப்பீட்டுத் தொகை பெறுவது சிக்கலாகலாம்.